மேட்டுப் பக்கத்து எலுமிச்சை

அத்தியாயம் 6

ஒரு ஆளைக் காருக்குப் பின்னால் கட்டி இழுக்கப் போகிறவன், கிளம்புவதற்கு முன் சங்கிலியைச் சுண்டிப் பார்த்தால் அவன் ஆத்திரத்தில் இல்லை என்று அர்த்தம். முடிவு கட்டிவிட்டான் என்று அர்த்தம். நர்மதா பைக்கிலிருந்து இறங்கியபோது தனபால் சங்கிலியைத்தான் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கிலியின் ஒரு முனை அவருடைய வெள்ளைக் காரின் பின்பக்க வளையத்தில் மாட்டியிருந்தது. மறுமுனை ஜீப் டிரைவர் வீரபாண்டியின் கணுக்கால்களில். மாட்டுப்பட்டியிலிருந்து வட்டவடை போகும் சாலையிலிருந்து பிரிந்து ஏறும் பழைய எஸ்டேட் பாதை அது. ஒரு பக்கம் தேயிலை மேடு, மறுபக்கம் தேயிலைப் பள்ளம். நடுவில் தார் ரோட்டில் மல்லாந்து கிடந்தார் வீரபாண்டி. உதடு கிழிந்திருந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கைகளை அவருடைய துண்டாலேயே கட்டியிருந்தார்கள்.

சாலையோரம் நீலத் தார்ப்பாயின் கீழ் தனபாலின் தம்பி அருள்குமார் கிடந்தான். அவன் இனி எழுந்திருக்க மாட்டான்.

"வாங்க அம்மிணி," என்றார் தனபால், கல்யாண வீட்டு வாசலில் நின்று அழைக்கிற குரலில். "அருளுதானே உங்கள வரச் சொன்னான்? பாத்துக்குங்க. அங்க கெடக்கறான்."

நர்மதாவும் தனபாலும் ஒரே ஊர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். விபத்தில் அடிபட்ட வண்டிகளை இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பரிசோதித்துப் பரிசோதித்து, வண்டி பொய் சொல்லாது, ஆட்கள்தான் சொல்வார்கள் என்று கண்டுகொண்டு, வேலையை விட்டுத் துப்பறிய வந்தவள் அவள். நேற்று இரவு அருள் போன் செய்திருந்தான். "புதுசா வாங்குன படகுல ஒரு கோளாறு இருக்குதுங்கக்கா. காலையில வந்து பாருங்க" என்றான். காலையில் வந்துவிட்டாள். பார்க்கச் சொன்னவன்தான் இல்லை.

அவள் தார்ப்பாயைத் தூக்கினாள். மார்பு முழுதும் உள்ளே அமுங்கியிருந்தது. முகத்தில் காயமில்லை. பின்மண்டையில் மட்டும் எலும்பு உடைந்து, ஒரு நெல்லிக்காயை வைத்து அழுத்தியதுபோல வட்டமாக ஒரு குழி. முடியில் கறுப்பாக ஏதோ பிசுக்கு. அவள் அதைத் தொட்டு, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கண் கலங்கியது. பத்தாம் வகுப்பில் அவள் கணக்குச் சொல்லிக்கொடுத்த பையன்.

அவளோடு வந்த உதவியாளன் அருண்பாண்டி பைக்கை நிறுத்தக் கூடத் தோன்றாமல் நின்றான். வண்டிப்பெரியார் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன். அவனுடைய பைக்கைவிட வாய் வேகமாகப் போகும். இன்று அதுவும் அடைத்துக்கொண்டது.

"எப்படியாச்சுங்ணா?" என்றாள் நர்மதா.

"கேளுங்க. கோவிந்தாபுரத்துல இருந்து உடுமலை, சின்னாறு, மறையூருன்னு இந்தப் படகெ டிரெய்லர்ல இழுத்துட்டு வந்தான் இவன். மேல எஸ்டேட்டுக் கொளத்துல டூரிஸ்டுகள ஏத்திச் சுத்தறதுக்கு. வழியில மரம் உழுந்து கெடந்துச்சாமா. டிரெய்லரெ மேட்டுல கழட்டி உட்டுப்போட்டு, மரம் வெட்ட ஆளுக் கூட்டியாரன்னு ஜீப்பெ எடுத்துட்டுப் போயிட்டான். சக்கரத்துக்கு முட்டுக்கல்லு வெக்கல. நான் பின்னால வந்து சேர்றதுக்குள்ள டிரெய்லரு உருண்டு வந்து என்ற தம்பியெ..." தனபாலுக்குக் குரல் உடைந்தது. உடைந்த குரலை அவர் வீரபாண்டியின் விலாவில் ஒரு உதையாக இறக்கினார்.

"வச்சேன்யா..." என்று ரத்தத்தோடு துப்பினார் வீரபாண்டி. "சாமி சத்தியமா ரெண்டு சக்கரத்துக்கும் கல்லு வச்சேன். முன்னால எலுமிச்சம்பழமும் வச்சேன். மரம் குறுக்க விழுந்தது சகுனம் சரியில்லையேன்னு, திரும்பி வந்து எடுக்கும்போது ஏத்திட்டுப் போவோம்னு வச்சேன்யா..."

"பழம் வெக்க நெனப்பு வந்துதா, கல்லு வெக்க வரலியா?" என்றான் பின்னாலிருந்து ஒருவன். சென்னிமலை. தனபாலுடைய மனைவியின் தம்பி. மீன்கரை அணைப் பக்கம் படகு வாங்கி விற்கிறவன். இந்தப் படகும் அவன் கொடுத்ததுதான். தன் பிக்கப் வண்டியில் துணைக்கு வந்தவன், விபத்து நடந்தபோது எஞ்சின் ஆயில் வாங்க மூணாறு போயிருந்தானாம். "பேச்செதுக்குங்க மாமா? போலீசு வந்தா ஆக்சிடெண்டுன்னு எழுதி இவன உட்டுருவாங்க. இழுங்க. நம்மூட்டுப் பையன் போயிட்டானே மாமா!"

"போலீஸ் எங்க?" என்றாள் நர்மதா.

"மாட்டுப்பட்டி ரோட்டுல நிக்கிறாங்கக்கா," என்றான் அருண்பாண்டி. வாய் திறந்துகொண்டது. "ஆனைக் கூட்டம் ரோட்டை மறிச்சு நிக்கு. நம்ம பைக்கு சந்துல பூந்து வந்துட்டு. அவுங்க ஜீப்புக்கு ஆனை இன்னும் சல்யூட் அடிக்கல."

தனபால் காரில் ஏறினார். எஞ்சின் உறுமியது.

சங்கிலி விறைத்தது. வீரபாண்டியின் கால்கள் முதலில் மேலே எழும்பின. அப்புறம் உடம்பு போனது. தார் ரோடு சட்டையைக் கிழித்தது, சட்டைக்குக் கீழே இருந்ததையும் கிழித்தது. அவர் போட்ட சத்தத்தில் தேயிலைக்குள் இருந்த பறவைகள் கலைந்து பறந்தன. அவர் கூட்டி வந்த மரம் வெட்டும் ஆட்கள் எப்போதோ அந்தத் தேயிலைக்குள் ஓடி ஒளிந்திருந்தார்கள்.

அருண்பாண்டி பைக்கை அப்படியே காரின் குறுக்கே தள்ளிவிட்டான். கார் பைக்கின் மேல் மோதி, அதைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு நின்றது.

"அண்ணே, அதுக்கு இன்சூரன்ஸ் இல்லண்ணே!" என்று கத்தினான்.

நர்மதா கார்க் கண்ணாடியில் அறைந்தாள். "ஏனுங்ணா! அருள் நேத்து ராத்திரி இந்த டிரைவரெப் பத்தி எங்கிட்ட என்ன சொன்னான், தெரியுமாங்? கேட்டுட்டு இழுங்க!"

கண்ணாடி இறங்கியது.

"தொட்டல்ல தூங்கற கொழந்தையெக் கொண்டாற மாதிரி கொண்டாறாருங்கக்கா. எறக்கம் வந்தா முன்னாலயே கியரெக் கொறச்சர்றாரு. திருப்பத்துல என்ற டம்ளர்ல டீ கூடத் தளும்பலன்னான். அந்த மாதிரி ஆளு மேட்டுல கல்லு வெக்க மறப்பானுங்களா? நான் மேல போயி டிரெய்லரு நின்ன எடத்தெப் பாத்துட்டு வந்தர்றேன். நான் சொல்றது தப்பா இருந்துச்சுன்னா, சங்கிலியெ நானே மாட்டித் தாரேன்."

தனபால் எஞ்சினை அணைத்தார். "யானெ கலையறதுக்குள்ள வந்துருங்க அம்மிணி. போலீசு வாறதுக்குள்ள இவன முடிச்சாகோணும்."

*

வளைவுக்குக் கீழே, மண்திட்டில் பின்பக்கம் புதைந்து நின்றது டிரெய்லர். மேலே வெள்ளையும் நீலமும் பூசிய படகு, புது மாப்பிள்ளை மாதிரி மினுங்கிக்கொண்டு. அதன் அடிவயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நேத்து மழையில ரொம்பிருக்கும்க்கா," என்றான் அருண்பாண்டி.

"ரோட்டுல கொண்டாறப்பப் படகோட பின்னால இருக்கற அடைப்பெக் கழட்டித்தான் கொண்டாறணும். மழைத் தண்ணி பின்னால இருக்கற ஓட்டையில வடியும். இது நடுவயித்துல இருந்து சொட்டுது."

"அங்க ஓட்டை இருக்கக் கூடாதோ?"

"படகுல அங்க ஓட்டையிருந்தா அது படகில்ல, சல்லடை."

வளைவைத் தாண்டி மேலே ஏறினார்கள். கீழே வீரபாண்டி முனகுவது கேட்டுக்கொண்டே இருந்தது. நர்மதாவின் நடை ஓட்டமாக மாறியது.

காலைத் தூறலில் ரோடு நனைந்திருந்தது. ஒரே ஒரு இடம் மட்டும் காய்ந்திருந்தது, படகு வடிவத்திலேயே. படகு குடை பிடித்த இடம். அதன் நடுவில் உள்ளங்கையளவு ஈரம். படகின் வயிறு இங்கேயும் ஒழுகியிருக்கிறது.

ரோட்டோரம் இரண்டு கருங்கற்கள். ஒவ்வொன்றிலும் டயரின் கறுப்புத் தேய்ப்பு.

"கல்லு இருக்குக்கா! வச்சிருக்காரு! பாவி மனுசன் பொய் சொல்லல."

"கல்லு இருந்தா மட்டும் போதாதுடா. அண்ணன் ரோட்டோரக் கல்லுன்னுடுவாரு. பழத்தெப் பாரு."

எலுமிச்சம்பழங்கள் இரண்டும் நசுங்கி, தோல் தாரோடு ஒட்டி, சாறு வழிந்து கிடந்தன. அருண்பாண்டி குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"நசுங்கிருக்கு. சக்கரத்துக்குக் கீழ வச்ச பழம் நசுங்காம ஜூஸாவா போகும்?"

"எந்தப் பக்கம் இருக்குது?"

"மேட்டுப் பக்கம். சக்கரத்துக்கு முன்னால..." அவன் நிறுத்தினான். கீழே பார்த்தான். மேலே பார்த்தான். "யக்கா. வண்டி உருண்டது பள்ளத்துப் பக்கம்."

"ம்."

"அப்போ மேட்டுப் பக்கம் வச்ச பழம் எப்பிடி நசுங்கும்? டிரெய்லரு தானா மேட்டுல ஏறுச்சா?"

"தண்ணியும் மேட்டுக்கு ஏறாது, சக்கரமும் ஏறாது. யாரோ இழுத்திருக்காங்க. பாரம் ஏறி நிக்கற முட்டுக்கல்லெ உருவ முடியாது. வண்டியெ ஒரு முழம் முன்னால இழுத்தாத்தான் கல்லு கழலும். இழுத்திருக்காங்க, பழம் நசுங்கியிருக்குது, கல்லெ எடுத்து ஓரமாப் போட்டிருக்காங்க."

"ஆனை இழுத்துருக்குமோ?"

"யானை கொக்கி மாட்டிட்டுத் திரியறதில்லடா."

நர்மதா ரோட்டின் நடுவில் நின்று கீழே பார்த்தாள். நின்ற இடத்திலிருந்து ரோடு நேராக இறங்கி, சட்டென்று இடது பக்கம் வளைந்தது. நேராகப் போனால் தேயிலைப் பள்ளம்தான்.

"நீ ஒரு பந்தெ இங்கிருந்து உருட்டி உடு. எங்க போகும்?"

"பள்ளத்துக்கு."

"டிரெய்லர் ஏன் பள்ளத்துக்குப் போகல? அதுக்கென்ன கண்ணா இருக்குது, வளைவு பாத்துத் திரும்ப?"

அருண்பாண்டி தலையைச் சொறிந்தான். "ரிவர்சுல கொண்டு போயிருக்கான்! யக்கா, அது லேசுப்பட்ட வேலை இல்லக்கா. டிரெய்லரைப் பின்னால எடுக்கும்போது ஸ்டீயரிங்க இடது பக்கம் ஒடிச்சா அது வலது பக்கம் போவும். மாமியாரு மாதிரி, நாம ஒண்ணு சொன்னா அது ஒண்ணு செய்யும். இந்த வளைவுல, அதும் இறக்கத்துல... கை தேர்ந்தவனா இருக்கணும்."

"ஆமா. செத்துக் கெடந்த பையன் மேல கொண்டு போயி மோதியிருக்கான்."

"செத்துக் கெடந்த பையனா?"

"வண்டி முன்னால வந்து மார்புல இடிச்சு, முதுகெ மண்ணுல அழுத்துச்சு. பின்மண்டையில எப்படிக் குழி உழும்? அதும் மண்ணுல?"

அருண்பாண்டி கீழே எட்டிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "வீரபாண்டியே திரும்பி வந்து செஞ்சிருந்தா? அவரு ஜீப்புலதான டிரெய்லரு மாட்டுற கொக்கி இருக்கு. தனபால் அண்ணே அப்பிடித்தான கேப்பாரு?"

"கேப்பாரு. அதுக்குப் பதிலு கீழதான் இருக்கோணும். அந்த ரெண்டு கல்லையும் தூக்கிக்க."

"துப்பறியும் வேலைன்னு கூட்டியாந்து கல்லு சுமக்க விட்டுட்டியளே."

நர்மதா ஒரு பழத்தைத் தாரிலிருந்து உரித்துக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டாள். இன்னொன்றைப் போலீசுக்காக அப்படியே விட்டாள். அப்போதுதான் கீழிருந்து அந்த அலறல் வந்தது.

*

சென்னிமலை இரும்புக் கைப்பிடி ஒன்றை ஓங்கிக்கொண்டிருந்தான். படகை டிரெய்லர் மேல் ஏற்றுகிற கைப்பிடி. அது ஒருமுறை வீரபாண்டியின் முழங்காலில் இறங்கி முடித்திருந்தது. முழங்கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. தனபால் காரில் சாய்ந்து, தம்பி கிடந்த பக்கம் முகத்தைத் திருப்பி நின்றார். தடுக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

அருண்பாண்டி கற்களைப் போட்டுவிட்டுப் பாய்ந்து கைப்பிடியைப் பிடுங்கினான். வீரபாண்டியின் கைக்கட்டை அவிழ்த்தான்.

"உனக்கென்னடா இத்தனெ அவசரம்?" என்றாள் நர்மதா.

"என்ற மாமன் கூடப் பொறந்த பொறப்பு செத்துக் கெடக்குது. உங்களுக்கென்ன, வெளையாட்டு!"

அவள் வீரபாண்டியின் ஜீப்புக்குப் பின்னால் போனாள். டிரெய்லர் இழுக்கிற வண்டிக்குப் பின்னால் ஒரு இரும்புப் பந்து இருக்கும். டிரெய்லரின் மூக்கில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒன்று இருக்கும். பந்தின் மேல் கிண்ணம் உட்காரும், உட்கார்ந்து பூட்டும். இந்தப் பயணத்துக்காக வீரபாண்டி ஜீப்பில் புதுசாகப் பூட்டிய பந்து அது. நர்மதா அதைப் பார்த்ததும், அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பந்தில் சந்தனம் பூசி, அதன் மேல் பெரிய குங்குமப் பொட்டு வைத்திருந்தது. கிண்ணம் உராய்ந்து பொட்டு கலைந்து, பந்து முழுதும் சிவப்பும் மஞ்சளுமாக ஈஷியிருந்தது.

"இதென்னங்க வீரபாண்டி?"

"புது இரும்புல்லக்கா," என்றார் வீரபாண்டி, பல்லைக் கடித்துக்கொண்டு. "பொட்டு வைக்காம எப்பிடி வண்டியில பூட்டுறது? சின்னாறுல மலையேறும்போது இன்னொருக்க வச்சேன்..."

சென்னிமலை வாய்விட்டுச் சிரித்தான். "கேட்டீங்களா மாமா? பந்துக்குக் கிரீஸ் வெக்கோணும். தடவலீன்னா இரும்பு இரும்பெத் தின்னுரும். இவன் பொட்டு வெச்சு ஆரத்தி எடுத்திருக்கறான். இவன நம்பிப் படகெக் குடுத்தோம் பாருங்க!"

"நல்லாச் சொன்னே," என்றாள் நர்மதா. "நல்லாச் சொன்னே சென்னிமலை. அண்ணா, இங்க வாங்க."

அவள் மண்திட்டில் புதைந்த டிரெய்லரின் மூக்கருகே போனாள். கிண்ணத்துக்குள் விரலை விட்டு வழித்தாள். வெளியே வந்த விரலை தனபாலின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

விரல் முழுதும் கறுப்புக் கிரீஸ். இன்னொரு முறை ஆழமாகச் சுரண்டினாள். இப்போது கறுப்புக்கு அடியிலிருந்து குங்குமச் சிவப்பு வந்தது.

தனபால் புருவத்தைச் சுருக்கினார்.

"வீரபாண்டியோட பந்துல சொட்டுக் கிரீஸ் கெடையாது. நீங்களே பாருங்க. அவரு வண்டியில வந்த வரைக்கும் கிண்ணத்துல குங்குமம்தான் ஒட்டியிருக்கோணும். ஒட்டியிருக்குது. ஆனா அதுக்கு மேல கிரீஸ். அவரு கழட்டி உட்டதுக்கு அப்பறம் இந்தக் கிண்ணம் வேறொரு பந்து மேல உக்காந்திருக்குது. கிரீஸ் தடவுன பந்து. படகுத் தொழில் தெரிஞ்சவனோட பந்து."

கைக்குட்டையை விரித்து நசுங்கிய பழத்தைக் காட்டினாள். மேட்டுப் பக்கம், கல், வளைவு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல தனபாலின் தாடை இறுகியது.

"உங்க தம்பியோட மண்டைக் குழியிலயும் இதே பிசுக்குத்தானுங்ணா," என்று முடித்தாள்.

தனபாலின் பார்வை மெதுவாகப் பிக்கப் வண்டியை நோக்கிப் போனது.

"என்ற வண்டியில பந்தே இல்லைங்களே மாமா!" என்றான் சென்னிமலை உடனே. "பாருங்க. வெறும் இரும்புப் பட்டைதான் இருக்குது."

அருண்பாண்டி அதற்குள் பிக்கப்பின் பின்னால் குந்தியிருந்தான். "பட்டைதான் இருக்குண்ணே. நடுவுல ஓட்டை. ஓட்டையச் சுத்தி ரவுண்டா ஒரு எடம் மட்டும் துரு இல்லாம வெள்ளையா இருக்கு. மோதிரத்தைக் கழட்டுன வெரலு மாதிரி."

"அது வாங்கும்போதே அப்படித்தான்..."

"மாப்ள," என்றார் தனபால்.

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மீன்கரையில இந்தப் படகெத் தண்ணியில எறக்கிக் காமிச்சயே. அருளு கை தட்டுனானே. ஒத்தக் கையில ஸ்டீயரிங்கப் புடிச்சு, சரிவுல பின்னாலயே கொண்டு போயி, அலுங்காம தண்ணிக்குள்ள உட்டயே. எந்த வண்டிடா அது?"

சென்னிமலை பிக்கப் கதவுப் பக்கம் ஓரடி நகர்ந்தான். படகுக்காரனுக்கு டிரெய்லரைச் சரிவில் பின்னால் இறக்குவது தினப்படி வேலை. அந்த வேலையை அவனே மாமன் முன்னால் பெருமையாகச் செய்து காட்டியிருக்கிறான்.

"அருள் நேத்து எதுக்கு எனக்குப் போன் பண்ணுனான், தெரியுமா?" என்றாள் நர்மதா. "படகோட வயித்துல தண்ணி சொட்டுது, பெயிண்டுக்கு அடியில பெரிய ஒட்டுப் போட்டிருக்குதுன்னான். ஒடஞ்ச படகு. இது எங்கயோ முழுகுன படகு, இல்லியா?"

"முழுகுனா என்ன? ஒட்டுப் போட்டாச்சு!" சென்னிமலை வெடித்தான். "அதுல முழுகிச் செத்தவங்க செத்தாச்சு, கேசும் ஆறிப்போச்சு. அந்தப் படகெ ஒடச்சுப்போட்டோம்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்திருக்கறேன். அருளு என்னடான்னா போலீசுக்குப் போறேங்கறான். கால்ல உழுந்தேன் மாமா! உன்ற அக்கா முகத்துக்காகக் கூட உடமாட்டேன், கொழந்தைக ஏறப்போற படகுன்னான்!"

சொல்லிக்கொண்டே கை பிக்கப் சீட்டுக்கு அடியில் போனது. வெளியே வந்தபோது ஒரு துண்டு. துண்டின் நுனியில் முடிச்சு. முடிச்சுக்குள் கனமாக, உருண்டையாக ஒன்று.

அந்தப் பந்து சுழன்று வந்து அருண்பாண்டியின் தோள்பட்டையில் இறங்கியது. காய்ந்த விறகு முறிகிற சத்தம். அவன் கத்திக்கொண்டே சரிந்தான். அடுத்த சுழற்சி நர்மதாவின் தலைக்கு. அவள் குனிந்தாள், பந்து ஜீப்பின் விளக்கை நொறுக்கியது. சென்னிமலை துண்டை இழுப்பதற்குள் அவள் அவன் மேல் விழுந்து, கையிலிருந்த பழத்தை அவன் இரண்டு கண்ணிலும் வைத்து அரைத்தாள். தோலும் விதையும் தார்த் துகளுமாக அரைத்தாள்.

"யக்கா, அது சாட்சி!" என்று தரையிலிருந்து முனகினான் அருண்பாண்டி.

"இன்னொண்ணு மேல இருக்குதுடா!"

குருடாகிக் கத்திக்கொண்டு சுழன்ற சென்னிமலையை தனபால் எதிரே நின்று பிடித்தார். பிடித்து, முகத்தை ஜீப்பின் இரும்பில் மோதினார். மூக்கு உடைந்தது. மறுபடி மோதினார். பற்கள் உதிர்ந்தன. நர்மதா அவர் கையைப் பிடித்துத் தொங்கினாள். அவர் அவளை ஒரு சாக்கைப் போல உதறினார். கீழே விழுந்ததில் அவளுக்கு மூச்சு நின்று வந்தது.

தனபால் வீரபாண்டியின் கணுக்காலிலிருந்து சங்கிலியைக் கழற்றினார். அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. கழற்றிய சங்கிலியைச் சென்னிமலையின் கால்களில் சுற்றினார். இரண்டு முறை சுண்டிப் பார்த்தார்.

"வேண்டாமுங்ணா!" நர்மதா எழ முயன்றாள். "போலீஸ் வருது! அவன் வாயால சொல்லியாச்சு! நாங்க இத்தனெ பேரு கேட்டிருக்கறோம்!"

"எங்கூட்டுல சோறு தின்னவன் அம்மிணி. என்ற கையால பரிமாறியிருக்கறேன்." தனபாலின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "காலையில இருந்து என்ற காதுக்குள்ளயே நின்னு இழுங்க மாமா, இழுங்க மாமான்னானே. இழுக்கறேன்."

கார்க் கதவு சாத்தியது. எஞ்சின் உறுமியது.

"மாமா! மாமா!" என்று கதறினான் சென்னிமலை.

கார் குதித்தது. நகரவில்லை. பின்சக்கரம் எதன் மேலோ ஏறப் பார்த்துத் திரும்ப இறங்கியது. தனபால் மிதித்தார். டயர் சுழன்று புகைந்தது, ரப்பர் தீய்ந்த நாற்றம் எழுந்தது. கார் இருந்த இடத்திலேயே நின்றது. அவர் இன்னும் மிதித்தார். பிறகு எஞ்சின் ஒரு உலுக்கு உலுக்கி அணைந்தது.

அவர் இறங்கி வந்து பார்த்தார்.

பின்சக்கரத்துக்கு முன்னால் வீரபாண்டி குப்புறக் கிடந்தார். உடைந்த முழங்காலை இழுத்துக்கொண்டு ஊர்ந்து வந்த தடம் ரோட்டில் சிவப்பாகத் தெரிந்தது. அருண்பாண்டி மேட்டிலிருந்து சுமந்து வந்த கருங்கல்லை இரண்டு உள்ளங்கையாலும் சக்கரத்துக்கு அடியில் அழுத்திப் பிடித்திருந்தார். டயர் சுழன்றதில் விரல் நகங்கள் பெயர்ந்திருந்தன. கையை எடுக்கவில்லை.

"என்னடா பண்ணிட்டே?" என்றார் தனபால். கேட்ட குரல் அவருடையது போலவே இல்லை.

வீரபாண்டி திறந்திருந்த ஒரு கண்ணால் அவரைப் பார்த்தார்.

"கல்லு வச்சேன்யா," என்றார். "காலையிலயும் வச்சேன்."

தனபால் நடு ரோட்டில், அந்த ரத்தத் தடத்தின் மேலேயே உட்கார்ந்தார். அப்போதுதான் தம்பிக்காக வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்து வீரபாண்டியின் விரல்களைச் சுற்றினார். சுற்றத் தெரியவில்லை. நர்மதா பக்கத்தில் மண்டியிட்டு அதைச் சுற்றிக் கொடுத்தாள்.

"யக்கா," என்றான் அருண்பாண்டி, தொங்கும் தோளைப் பிடித்துக்கொண்டு. "ஆனை கலைஞ்சிட்டு போல. ஹார்ன் சத்தம் கேக்கு."

வளைவுக்குக் கீழே போலீஸ் ஜீப் ஏறி வந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கி, சங்கிலியையும் படகையும் ரத்தத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காரை ஓரமாக எடுக்கச் சொன்னார். தனபால் எழுந்து சாவியை அவர் கையில் கொடுத்தார். கல்லை மட்டும் யாரும் எடுக்கவில்லை.